மனசு விட்டுப்போகிற டியூட்டியில் கூட வேலை பார்ப்பவர்கள் என்ன செய்தால் தாங்குகிறது?

செல்வி_பிரசவவார்டு

வணக்கம். நான் ஒரு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களைப் போன்ற வேலைகளில் மனசு விட்டுப்போகிற நாட்கள் வரும் என்பது வெளியில் இருப்பவர்களுக்கும் தெரியும். அந்த நாட்களில் கூட வேலை பார்ப்பவர்கள் நம்மை எப்படித் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் யாரும் விவரமாகப் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

எங்கள் வார்டிலிருந்தே தொடங்குகிறேன். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத ஒரு கேஸ். ஒருவர் வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையை அழுத்தித் தேய்க்கிறார், ஒருவர் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் டிரிப்பை ஏற்றுகிறார், இன்னொருவர் ரத்த வங்கிக்கு ஓடுகிறார். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயும் அந்தப் பெண் பிழைக்கவில்லை. அடுத்தது கேஸ் ஷீட். எந்த மருந்து எத்தனை மணிக்கு, யார் போட்டது, டாக்டருக்கு எப்போது தகவல் சொன்னோம், எல்லாம் நிமிடக் கணக்கில் வேண்டும். தமிழ்நாட்டில் தாய்மார் மரணம் ஒவ்வொன்றும் தணிக்கைக்குப் போகும். அந்த நடைமுறையை நான் மனதார ஆதரிக்கிறேன். 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார் மரணம் என்ற அளவுக்கு மாநிலம் இறங்கி வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பேனாவைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது. பக்கத்து டேபிளில் இன்னொரு பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள். அவளிடம் தெளிந்த முகத்தோடு போயாக வேண்டும்.

அன்று சீனியர் அக்கா ஒருவர் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றார். நான் வரிசையாகச் சொல்ல, அவர் எழுத, இடையில் "அந்த நேரத்துல பி.பி. என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சொல்லச் சொல்லத்தான், செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறோம் என்பதே எனக்கு உறைத்தது. அதே இரவில் இன்னொருவர், "விடு, போகப்போகப் பழகிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் என்னால் அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பேச முடியவில்லை.

உங்கள் இடத்தில் எப்படி? எது உதவுகிறது, எது இன்னும் கனக்க வைக்கிறது?

நெடுஞ்சாலை_பைலட்

அக்கா, நான் 108 வண்டி ஓட்டுறேன். எங்களுக்கு வார்டு கிடையாது, சீனியர் கிடையாது. வண்டிக்கு ரெண்டே பேரு. முன்னாடி நான், பின்னாடி முதலுதவி பார்க்கிற ஈஎம்டி தம்பி. அதனால எங்களுக்குள்ள பேசி வச்ச சில விஷயம் இருக்கு.

மோசமான ஆக்சிடென்ட் கேஸை இறக்கிட்டா வண்டியோட பின்பக்கத்தைக் கழுவுறது நான்தான். தம்பி அந்த ஆள் பக்கத்துலயே உட்கார்ந்து, கையை வச்சு ரத்தத்தை அடைச்சுக்கிட்டு வந்திருப்பான். அந்தத் தரையை அவனே திரும்பவும் பார்க்க வேண்டாம். அவன் கையைக் கழுவிட்டு முன் சீட்டுல வந்து உட்காரணும், அவ்வளவுதான். அடிபட்டவர் பாக்கெட்டுல போன் அடிக்கும். ஸ்கிரீன்ல "அம்மா"னு வரும். அதை எடுத்துப் பேசுறதும் நான்தான், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகு. இதுக்கு மாத்தா, சின்னக் குழந்தை கேஸ்னா பெத்தவங்ககிட்டப் பேசுறதை அவன் எடுத்துக்குவான். எனக்கு வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, என்னால முடியாதுன்னு அவனுக்குத் தெரியும்.

திரும்பி வர்ற வழியில "டீ சாப்பிடலாமா"ன்னு கேட்பேன். அவன் பேசினா கேட்பேன், பேசலைன்னா நானும் பேச மாட்டேன். பாதி டீயிலேயே அடுத்த கால் வந்துரும்.

கவி_ஹெட்செட்

உங்கள் இருவரின் வேலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது என்றாலும், கால் சென்டரிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு உயிர் போகிற விஷயமில்லை. ஆனால் நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டே "உங்களுக்கு வேற ஏதாவது உதவி தேவையா சார்" என்று கேட்க வேண்டும். பெண் ஏஜென்ட்களிடம் சிலர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. மோசமான கால் வந்தால் கையை மேசைக்கு மேலே தூக்கி வைப்போம். பக்கத்தில் இருப்பவர் தன் அழைப்பை முடித்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அருகில் இருப்பார். சில நேரம் நோட்டில் "இவன் நேத்து எனக்கும் வந்தான்" என்று எழுதிக் காட்டுவார். கோபம் நம்மேல் இல்லை, யார் எடுத்திருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும். மூச்சு சீராகிவிடும்.

பிறகு நிர்வாகம் இருக்கை வரிசையை மாற்றியது. யாரும் தினமும் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்றார்கள். காரணம், "பேச்சு அதிகம்". அடுத்த மாதங்களில் எங்கள் அணியில் வேலையை விட்டவர்கள் பலர். அந்தப் பேச்சுதான் பலரை அங்கே பிடித்து வைத்திருந்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

மாரெக் கோர்சின்ஸ்கி என்ற சமூகவியலாளர் கால் சென்டர் ஊழியர்களை வைத்து 2003-ல் இதையே எழுதியிருக்கிறார். வாடிக்கையாளரிடம் படும் வலியை ஊழியர்கள் தங்களுக்குள் பகிர்ந்து ஆற்றிக்கொள்கிறார்கள், நிறுவனம் ஓடுவதே அதனால்தான், ஆனால் அந்த நெருக்கமே நாளைக்கு நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பதால் நிர்வாகத்துக்கு அதன்மேல் பயமும் உண்டு என்கிறார். படித்தபோது எங்கள் ஃப்ளோரையே பார்த்து எழுதியதுபோல இருந்தது.

ஐசியு_மணி

மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். நான் தனியார் ஐசியுவில் ஆண் நர்ஸ்.

பேசினால் பாரம் குறையும் என்பதை என் அனுபவத்தில் நான் நம்பவில்லை. எங்கள் ஓய்வறையில் எந்நேரமும் புலம்பல்தான். ஒரு நோயாளியின் உறவினர் சத்தம் போட்டார் என்றால், அதை மார்னிங் ஷிஃப்ட் ஈவினிங்குக்குச் சொல்லும், ஈவினிங் நைட்டுக்குச் சொல்லும். சொல்லச் சொல்ல அந்த உறவினர் வில்லனாகிவிடுவார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர்மேல் வெறுப்போடு பெட்டுக்குப் போகிறார்கள். அவரோ தன் அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார், பில் ஏறிக்கொண்டே போகிறது என்ற பயத்தில் கத்திய மனுஷன்.

எனக்கு டியூட்டி முடிந்தால் ஷட்டில் கோர்ட். அங்கே ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது. அது போதும்.

மனநலப்பணி_தென்காசி

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மணி சொன்னது முக்கியமான விஷயம், அதைத் தள்ளிவிட வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பெர்னார் ரிமே என்ற பெல்ஜிய உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். உணர்ச்சிகரமான ஒன்று நடந்தால் மனிதர்கள் அதை யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். சொன்னபின் நெருக்கம் கூடுகிறது, இதமாக இருக்கிறது. ஆனால் வெறுமனே சொல்லித் தீர்ப்பதால் அந்த நினைவின் கனம் குறைவதாக அவர் ஆய்வுகளில் தெரியவில்லை. கேட்பவர் அதை வேறு கோணத்தில் பார்க்க உதவும்போதுதான் மாற்றம் வருகிறது. கவி சொன்ன "இவன் நேத்து எனக்கும் வந்தான்" அப்படி ஒரு கோணம். செல்வியின் சீனியர் ஷீட்டை வாங்கி வரிசையாகச் சொல்ல வைத்ததும் அதுவே. மணியின் ஓய்வறையில் நடப்பது, ஒரே கோபத்தைக் கைமாற்றி வளர்ப்பது.

இன்னொரு எச்சரிக்கை. பெரிய விபத்தோ மரணமோ நடந்தால் அடுத்த ஓரிரு நாளில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நடந்ததை முழுக்கச் சொல்ல வைக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக வகுத்தது. அது உலகமெல்லாம் பரவி, விபத்தில் சிக்கியவர்களுக்கும் செய்யப்பட்டது. 2002-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரே ஒரு முறை நடத்தும் அந்த அமர்வு பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓர் ஆய்வில் அதற்கு உட்பட்டவர்கள் பின்னர் இன்னும் மோசமாகவே இருந்தார்கள். கட்டாயப்படுத்தி நடத்துவதை நிறுத்துங்கள் என்பதே அவர்கள் முடிவு. பேச விரும்பாதவரைப் பேச வைக்காதீர்கள். பைலட் அண்ணன் "பேசலைன்னா நானும் பேச மாட்டேன்" என்றது சரியான வழி.

2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றைத்தான் சொல்கிறது: பார், கேள், தேவையானவர்களோடு சேர்த்து விடு. மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, அந்தக் காட்சியே திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது, குடி கூடுகிறது, எதற்கெடுத்தாலும் லீவு போடுகிறார் என்றால் டீ போதாது. மனநல மருத்துவர் வேண்டும். போன் வழியாகத் தொடங்க டெலி மனாஸ் இருக்கிறது, எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செல்வி_பிரசவவார்டு

நன்றி சார். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் சொன்ன காக்ரேன் ஆய்வுகளில் இருந்தவர்கள் விபத்திலோ தீயிலோ சிக்கியவர்கள்தானே? முன்பின் தெரியாத ஒருவர் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போயிருப்பார். எங்களுக்குள் நடப்பது அப்படி இல்லை. அந்த அக்காவும் அதே அறையில் நின்றவர், அடுத்த வாரமும் என்னோடு நிற்பார்.

மனநலப்பணி_தென்காசி

சரிதான் அம்மா. பெரும்பாலும் நோயாளிகள், விபத்தில் தப்பியவர்கள். அதை வைத்துச் சக ஊழியர் ஆதரவே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. தொடர்ந்து கூட இருப்பவர் செய்யும் உதவியின் மதிப்பு வேறு. கட்டாயமும் அவசரமும் கூடாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குரொய்டன்_மலர்

நான் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் செவிலியர், சொந்த ஊர் நாகர்கோவில். இங்கே ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்று ஒன்று நடக்கிறது. கென்னத் ஷ்வார்ட்ஸ் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர், 40 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்து 1995-ல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்கள் காட்டிய பரிவுதான் தாங்க முடியாததையும் தாங்க வைத்தது என்று எழுதிவைத்தார். அந்தப் பரிவு ஊழியர்களிடம் வற்றாமல் இருக்க வேண்டுமென்று அவர் பெயரில் தொடங்கிய மையம் 1997-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதை ஆரம்பித்தது. இங்கிலாந்துக்கு 2009-ல் வந்தது.

முறை எளிது. மூன்று நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து தங்களைப் பாதித்த ஒரு சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்வார்கள். மருத்துவ விவரம் பேசப்படாது. "நீ இப்படிச் செய்திருக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு அறையில் உள்ளவர்கள் தங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், கன்சல்டன்ட் டாக்டர், சமையலறைப் பணியாளர் எல்லோரும் ஒரே அறையில். நான் போன ஒன்றில் மூத்த சர்ஜன் ஒருவர், ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போன் செய்ய முடியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அவருக்கும் அப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த முறை அவரிடம் சந்தேகம் கேட்க எனக்குத் தயக்கம் இல்லை.

குறை என்னவென்றால் அது மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். நைட் பார்ப்பவர்களுக்கும் வார்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் கிடைக்காது. அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

சிறியதாக இன்னொன்று. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் தொடங்கியது. காப்பாற்ற முயன்று ஒருவர் இறந்துவிட்டால், கலைவதற்கு முன் அந்தப் படுக்கையைச் சுற்றி எல்லோரும் ஒரு நிமிடம் போல மௌனமாக நிற்பார்கள். இறந்தவருக்கும், முயன்றவர்களுக்கும். எங்கள் வார்டிலும் செய்கிறோம். இதற்குப் பணமோ ஆளோ தேவையில்லை, ஊரில் நாளைக்கே செய்யலாம்.

மட்டு_மிஸ்ஸி

நான் கிழக்கிலங்கையில் தாதியாக வேலை செய்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நேரம், காயப்பட்டவர்களில் சின்னப் பிள்ளைகள் கன பேர். எங்கட ஊர் சின்னது. வாட்டுக்கு வாற பிள்ளை தெரிஞ்ச வீட்டுப் பிள்ளையாக இருக்கும். அப்படியான நேரத்தில் "இது எனக்குத் தெரிஞ்ச குடும்பம், நீங்க பாருங்கோ" என்று ஒருத்தி சொன்னால் மற்றவ ஒரு கேள்வியும் கேளாமல் இடம் மாறி நிற்க வேணும். அதுதான் நான் கண்ட பெரிய உதவி. ஏன் என்று விளக்கம் கேட்டால் அவ அங்கேயே அழுதிடுவா.

இன்சார்ஜ்_லலிதா

எல்லாவற்றையும் படித்தேன், மனதுக்கு இதமாக இருந்தது. நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவள், இப்போது வார்டு இன்சார்ஜ். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வார்டிலும் "அந்த அக்கா" என்று ஒருத்தி இருப்பாள். செல்வியின் ஷீட்டை வாங்கி எழுதியவர் போல. பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து அவளிடம்தான் அழுவார்கள். புருஷன் வீட்டுச் சண்டை, குழந்தைக்குக் காய்ச்சல், டாக்டர் திட்டியது எல்லாம் அவளிடம் வரும். அவளுக்கும் அதே நோயாளிகள், அதே மரணங்கள். நான் அப்படி இருந்திருக்கிறேன், அதில் எனக்கு நிறைவும் உண்டு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் என் மகள் பேசுவதைக் கேட்க என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. இந்த உழைப்பு எந்த டியூட்டி லிஸ்ட்டிலும் வராது. அதனாலேயே நிர்வாகத்துக்கு அது தானாகக் கிடைப்பது போலத் தோன்றிவிடுகிறது.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், ஐசியுவில் ஒருவருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு வைத்திருக்கிறது. நைட்டில் முப்பது நாற்பது படுக்கைக்கு இருவர் நிற்கும் இடத்தில், "நீ போய் முகம் கழுவிட்டு வா, உன் பெட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று யார் சொல்ல முடியும்? சொல்ல மனசு இருக்கும், கை இருக்காது. "செவிலியர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி" என்று ஒரு நாள் ஹாலில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்லதுதான், நானும் செய்கிறேன். காலியிடத்தை நிரப்புவதற்கு அது ஈடாகாது. தொகுப்பூதியத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். அழுதால் "இவளால் முடியாது" என்று பெயர் வந்துவிடுமோ, பணி நிரந்தரத்துக்கு இடைஞ்சலாகுமோ என்று அடக்கிக்கொள்வார்கள். அவர்களிடம் சீனியர்கள்தான் முதலில் போய்ப் பேச வேண்டும்.

என் கையில் டியூட்டி லிஸ்ட் இருக்கிறது என்பதால் நான் செய்வது இவ்வளவு. புதிதாக வந்த இருவரை ஒரே நைட்டில் சேர்த்துப் போட மாட்டேன். மரணம் பார்த்தவருக்கு அடுத்த டியூட்டியில் அதே படுக்கையைக் கொடுக்க மாட்டேன். ஒருவரை ஆற்றியவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன், அவருக்கும் அன்று லேசான பக்கம். ஹேண்ட் ஓவர் முடிந்ததும், போகிற ஷிஃப்ட்டிடம் நோயாளியைப் பற்றி இல்லாமல் அவர்களைப் பற்றி ஒரு கேள்வி: "இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" பதில் சொன்னாலும் சரி, "ஒண்ணுமில்லக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி.

ஐசியு_மணி

லலிதா அக்கா, அந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. புலம்பல் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் நீங்கள் செய்வது புலம்பல் இல்லை. ஒரு சந்தேகம். ஆண் நர்ஸ்களிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. உறவினர்கள் கைகலப்புக்கு வந்தால் முன்னால் நிற்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். முடிந்ததும் எல்லோரும் அடி வாங்கப் பார்த்த சிஸ்டரைச் சுற்றி நிற்பார்கள், அது நியாயம்தான். சட்டை கிழிந்தவன் தானே போய் மாற்றிக்கொண்டு வந்து அடுத்த நோயாளிக்கு ஏ.பி.ஜி. ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பான். ஆண்களுக்குள் எப்படித் தொடங்குவது?

நெடுஞ்சாலை_பைலட்

மணி தம்பி, கேள்வியே வேண்டாம். அவனோட வேலை ஒண்ணை எடுத்துச் செய்யி. அவன் சட்டை மாத்திட்டு வர்றதுக்குள்ள அந்த ஏ.பி.ஜி.யை நீ எடுத்து வச்சிரு. புரிஞ்சுக்குவான். பேசணும்னா அவனே வருவான். ஷட்டில் கோர்ட்டுக்கும் ஒரு நாள் கூட்டிட்டுப் போ.

கவி_ஹெட்செட்

லலிதா அம்மா போல எங்கள் டீம் லீடும் சீட் லிஸ்ட்டைக் கையில் வைத்திருக்கிறார். மோசமான கால் எடுத்தவருக்கு அடுத்த காலுக்கு முன் ஐந்து நிமிடம், அது பிரேக்கில் கழிக்கப்படாது என்று கேட்டுப் பார்க்கப் போகிறோம். தனியாகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள், அதனால் வரிசையாக எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

செல்வி_பிரசவவார்டு

எல்லோருக்கும் நன்றி. வரும் வார்டு மீட்டிங்கில் இரண்டு விஷயம் கேட்கலாம் என்று நாங்கள் நான்கைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். தாய் மரணம் நடந்த இரவில் கேஸ் ஷீட் எழுத ஒருவர் கூட உட்கார வேண்டும். அந்த டீமுக்கு அடுத்த டியூட்டியில் லேபர் டேபிள் கூடாது, பிரசவம் முடிந்தவர்கள் இருக்கும் போஸ்ட் நேட்டல் பக்கம் கொடுக்க வேண்டும். மலர் அக்கா சொன்ன மௌனத்தை அனுமதி கேட்காமலே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். லலிதா அக்கா, எங்கள் இன்சார்ஜிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

இன்சார்ஜ்_லலிதா

மீட்டிங்குக்கு முந்தின நாளே தனியாகப் போய்ச் சொல்லிவிடு, எல்லோர் முன்னாலும் திடீரென்று கேட்டால் அவருக்குச் சங்கடம். மாற்று ஆள் யார் என்று நீங்களே பெயர் எழுதிக்கொண்டு போங்கள், ஆள் இல்லை என்ற பதில் வராது. ஒப்புக்கொண்டால் வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள், மீட்டிங் மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். இன்சார்ஜ் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் அதைப் பார்ப்பார். தணிக்கையில் செவிலியர் மேற்பார்வையாளர் உட்காருவார் அல்லவா, அவருக்கும் ஒரு காப்பி கொடுங்கள்.